பேப்பரில் வந்த மாடி

எங்கே ஒரு வார்த்தையைத் தவறாகச் சொல்லிவிடுவோமோ என்ற பயம் தங்கபுஷ்பத்துக்கு விடிந்ததிலிருந்தே கூடவே திரிந்தது, ஏனென்றால் டிவிக்காரர்கள் வந்து அவள் முகத்துக்கு நேரே மைக்கை நீட்டப்போகிறார்கள், அவள் சொல்வதை நேரலையில் நாடே பார்க்கும் என்று பிளாக் முழுக்கப் பேச்சு. நாடு பார்ப்பதைப் பற்றி அவளுக்குக் கவலை இல்லை. கட்டடம் கேட்டுக்கொண்டிருக்குமே என்பதுதான் கவலை.

துறைமுகத்துக்குப் போகும் சாலையில் உப்புக்காற்றைத் தின்றுகொண்டு நிற்கும் சி பிளாக்கைப் பற்றிப் பேப்பரிலோ டிவியிலோ என்ன வருகிறதோ, சி பிளாக் அப்படியே ஆகிவிடும். வெறும் வாய்ப்பேச்சுக்கு அது அசையாது. மாமியாரும் மருமகளும் போட்ட சண்டைகளில் இந்த வீடு மண்ணாய்ப் போகட்டும் என்று எத்தனையோ பேர் மண்ணை வாரித் தூற்றியிருக்கிறார்கள், ஒரு செங்கல் நகர்ந்ததில்லை. அச்சில் ஏற வேண்டும், இல்லை ஒளிபரப்பில் போக வேண்டும், அப்போதுதான் அது மதிக்கும். ஏன் அப்படி என்று யாரும் கேட்டதில்லை. சிலருக்கு ஊர்ப்பேச்சு ஏறாது, பேப்பரில் படித்தால்தான் நம்புவார்கள், சி பிளாக்கும் அந்த ரகம் என்று விட்டுவிட்டார்கள்.

முதலில் வந்தது நான்காவது மாடி. வீட்டு வசதி வாரியம் கட்டிக்கொடுத்தபோது தரையோடு சேர்த்து மூன்று மாடிதான். ஒரு கோடையில் தண்ணீர்க்குழாய் உடைந்து வாசலெல்லாம் சேறானபோது, உள்ளூர்ப் பேப்பருக்குச் செய்தி எழுதும் சவரிராயன் சேற்றில் செருப்பை வைக்க மனமில்லாமல் சாலைக்கு அந்தப் பக்கம் நின்றே கட்டடத்தை எண்ணினார், மேலே இருந்த தண்ணீர்த்தொட்டி அறையையும் ஒரு மாடியாகச் சேர்த்துக்கொண்டார், 'நான்கு மாடிகள் கொண்ட சி பிளாக்கில் குழாய் உடைப்பு, பொதுமக்கள் அவதி' என்று எழுதி அனுப்பிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

மறுநாள் காலையில் மொட்டைமாடியில் காயப்போட்ட நெத்திலியைத் திருப்பிவிடப் போன, தங்கபுஷ்பத்தின் பக்கத்து வீட்டுப் பேச்சித்தாய், வழக்கமாக மொட்டைமாடி வருகிற இடத்தில் பச்சைக் கதவுகள் வரிசையாக நிற்பதைப் பார்த்தாள், முட்டியைப் பிடித்துக்கொண்டு இன்னும் ஒரு படிக்கட்டு ஏறினாள், அங்கே நெத்திலி போட்டது போட்டபடி கிடந்தது, பக்கத்தில் காக்கையும் வழக்கம்போலக் காத்துக்கொண்டிருந்தது. எல்லாவற்றையும் திருப்பிப் போட்டுவிட்டு இறங்கி வந்து தங்கபுஷ்பத்தின் வாசலில் நின்றாள்.

"மைனி, மேல இன்னொரு மாடி வந்திருக்கு."

"ஆள் இருக்கா?"

"ஆளைக் காணோம். கதவெல்லாம் நம்ம கதவு மாதிரிதான். குழாயைத் திருகிப் பாத்தேன், தண்ணி வருது."

"அப்ப யாரு கூட்டிப் பெருக்க?" என்றாள் தங்கபுஷ்பம். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு இறால் கம்பெனியில் தோடு உரிக்கப் போன நாளிலிருந்து அவளுக்கு எது வந்தாலும் அதோடு சேர்ந்து என்ன வேலை வருகிறது என்பதுதான் முதலில் தோன்றும், அடுத்து, அது எப்போது கையை விட்டுப் போகும் என்று தோன்றும்.

அவளும் போய்ப் பார்த்தாள். பேப்பரில் நான்காவது மாடி என்று மட்டும் இருந்ததே தவிர அது எப்படி இருந்தது என்று ஒரு வரியும் இல்லாததால், கட்டடம் தனக்குத் தெரிந்ததை வைத்துச் சமாளித்திருந்தது. மூன்றாவது மாடியில் இருந்த அவள் வீட்டுக்கு நேர் மேலே அதே வீடு, அடுப்படியில் அதே கரிப்படிந்த சுவர், ஜன்னலோரம் அதே விரிசல், செபமாலை தொங்கவிடும் அதே ஆணி, ஆணியில் மட்டும் செபமாலை இல்லை.

அன்று சாயங்காலமே பிளாக் செயலாளர் லூர்துசாமி கூட்டம் போட்டார். அவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர், எவ்வளவு கனமான விஷயத்தையும் மெதுவாகத் தூக்கி மெதுவாக இறக்குவார். யாரும் கட்டாத மாடி, அதனால் யாருக்கும் சொந்தமில்லை, அவசரம் வந்தவர்கள் அவசரம் தீருகிற வரைக்கும் இருந்துகொள்ளலாம் என்று முடிவாயிற்று. பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் படித்தார்கள், கல்யாணத்துக்கு வந்த விருந்தாளிகள் காலை நீட்டிப் படுத்தார்கள், குடித்துவிட்டு வந்து அடிக்கிற புருஷனை விட்டுக் கொஞ்ச நாள் தள்ளி இருக்க நினைத்த ஒருத்தி உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு நிம்மதியாகத் தூங்கினாள், எல்லாரும் காலி செய்யும்போது கூட்டிப் பெருக்கி, கதவில் மஞ்சள் தடவிவிட்டுப் போனார்கள். வாரியத்திலிருந்து ஒரு பொறியாளர் வந்து கையில் இருந்த வரைபடத்தைப் பார்த்தார், மூன்று என்று இருந்தது, தலையை நிமிர்த்தி எண்ணினார், நான்கு வந்தது, மறுபடி வரைபடத்தைப் பார்த்து மூன்று என்றே குறித்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

பயமுறுத்தியது சவரிராயன்தான். மாடி வந்த வாரத்தில் தன் மொபெட்டை நிறுத்திவிட்டுத் தலையைச் சொறிந்துகொண்டு லூர்துசாமியிடம் வந்தார். "தப்பா எழுதிட்டேன் அண்ணாச்சி. மூணு மாடின்னு திருத்தம் போட்டுருதேன். நாளைக்கு வந்துரும்" என்றார். அவர் சொல்லி வாய் மூடுவதற்குள் சி பிளாக்கின் பெண்கள் அவரைச் சுற்றிக்கொண்டார்கள், ஒருத்தி கையைப் பிடித்து உட்கார வைத்தாள், ஒருத்தி வாழை இலையை விரித்தாள், பேச்சித்தாய் சூடு பறக்கும் சீலா மீன்குழம்பை ஊற்றினாள்.

"மேல பரீட்சைக்குப் பிள்ளைக படிச்சிக்கிட்டு இருக்கு. திருத்தம் வந்தா அதுக எங்க விழும்?" என்று கேட்டாள்.

"பத்திரிகை தர்மம்னு ஒண்ணு இருக்குல்லா."

"இருக்கட்டும். முள்ளு பாத்துத் தின்னுங்க."

அவர் முள் பார்த்துத் தின்றார், திருத்தம் போடவில்லை, அன்றிலிருந்து சி பிளாக்கைப் பற்றி எழுதுவதற்கு முன்னால் நேரில் வந்து எண்ணிவிட்டுப் போனார். ஆனாலும் ஒருமுறை வாரியத்தைக் குத்திக்காட்டுவதற்காக 'தீப்பெட்டி போன்ற வீடுகள்' என்று கை தவறி எழுதிவிட்டார், அன்று முழுக்க சி பிளாக்கில் எந்தக் கதவும் திறக்கவில்லை, வீட்டையே தீப்பெட்டி மாதிரி வெளியே இழுத்துத்தான் ஆட்கள் இறங்க வேண்டியிருந்தது, தங்கபுஷ்பத்தின் புருஷன் அருளப்பன் சவரம் செய்துகொண்டிருந்தபடியே நாற்காலியோடு வராந்தாவுக்கு வந்துவிட்டான். 'கதவுகள் சீரமைப்பு, மக்கள் மகிழ்ச்சி' என்று மறுநாள் எழுதிய பிறகுதான் சரியாயிற்று. அதற்குப் பிறகு சி பிளாக்கில் யாரும் பேப்பர்காரர் காதில் விழும்படி குறை சொல்வதில்லை. குறையை நேராக வாரியத்திடமே சொன்னார்கள், அதனால் எந்தக் குறையும் தீரவில்லை, ஆனால் எதுவும் இடியவும் இல்லை.

இப்படி இருக்கும்போதுதான் அந்த வருடம் ஊர் முழுக்க அம்மை போட்டது. தங்கபுஷ்பத்தின் மகள் ஜெனோவா தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள், புருஷன் மாலத்தீவுக்குப் போகும் தோணியில் இருந்தான், மாமியார் வீட்டிலும் அம்மை. வயிற்றைக் கீறித்தான் பிள்ளையை எடுத்தார்கள், தையல் ஆறவில்லை, பிள்ளை பிறந்த அன்றே அருளப்பனும் உடம்பெல்லாம் முத்து முத்தாகப் பாயில் விழுந்துவிட்டான். பச்சைப் பிள்ளையை எங்கே வைத்துக்கொள்வது என்று தங்கபுஷ்பம் நெஞ்சில் கையை வைத்து நின்றபோது, லூர்துசாமி மேலே கையைக் காட்டினார். ஜெனோவாவை நாற்காலியில் உட்கார வைத்து நாலு பேர் தூக்கிக்கொண்டு போய் நான்காவது மாடியில், அந்த வெற்று ஆணி இருந்த வீட்டில் விட்டார்கள். பேச்சித்தாய் சோறும் மருந்தும் கொண்டுபோய்க் கொடுத்தாள். அம்மைக்காரனுக்குப் பணிவிடை செய்கிறவள் தலைக்குத் தண்ணீர் ஊற்றும் வரைக்கும் பச்சைப் பிள்ளை இருக்கிற வீட்டுக்குள் கால் வைக்கக் கூடாது, அதனால் தங்கபுஷ்பம் பேரனைப் படிக்கட்டு மடக்கில் நின்று பார்த்ததோடு சரி, பேச்சித்தாய் துணியோடு தூக்கிக் காட்டுவாள். கூரைக்கு மேலே பிள்ளை அழுவதும், தொட்டில் ஆடும்போது கொக்கி கிரீச்சிடுவதும் அவளுக்குக் கீழே கேட்கும், வேப்பிலையால் புருஷனுக்கு விசிறிக்கொண்டே அண்ணாந்து பார்த்து, செருப்பு சேறாகக் கூடாது என்று அன்றைக்குச் சவரிராயன் நினைத்ததற்காக அந்த மனுஷன் நல்லா இருக்கணும் என்று சொல்லிக்கொள்வாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் பட்டணத்து டிவி ஒன்று, இடியும் நிலையில் உள்ள குடியிருப்புகள் என்று வரிசையாகக் காட்டிக்கொண்டு வந்தது. இன்றைக்கு ஒரு ஊர், நாளைக்கு ஒரு ஊர். சவரிராயன் மூச்சிரைக்க வந்து சொன்னார்.

"நாளைக்கு இங்கதான். முன்கூட்டியே வந்து பாத்துட்டும் போயிருக்காவ. சேதி வாசிக்கிற பிள்ளை உங்களைத்தான் கேக்குது, தங்கபுஷ்பம் அக்கா."

"என்னை எதுக்கு? எனக்குப் பேசத் தெரியாதுல்லா. லூர்துசாமி அண்ணாச்சியப் பேசச் சொல்லுங்க."

"அண்ணாச்சி மொகத்துல கவலை இல்லியாம். உங்க மொகத்துல இருக்காம்."

"அது பொறக்கும்போதே இருக்கது" என்றாள் பேச்சித்தாய். "மைனி, மொகத்தக் கொண்டா, நாங்க சொல்லித் தாரோம்."

அன்று முழுக்கச் சொல்லிக் கொடுத்தார்கள். சி பிளாக் உறுதியாக இருக்கிறது, நாங்கள் நலமாக இருக்கிறோம். இவ்வளவுதான். லூர்துசாமி கிரேன் இறக்குகிற நிதானத்தோடு ஒவ்வொரு வார்த்தையாக இறக்கினார், அவள் ஒவ்வொன்றாக வாங்கி வைத்தாள், அடுத்ததை வாங்கும்போது முன்னால் வாங்கியது கீழே விழுந்தது.

"உறுதியா இருக்குன்னு சொன்னா ஜன்னலும் உறுதியாகித் திறக்க வராமப் போயிருமோ அண்ணாச்சி?"

"தங்கபுஷ்பம், ரொம்ப யோசிக்காத."

"நலமா இருக்கோம்னா இவுகளுக்கு அம்மை போட்டிருக்கே, அது பொய்யில்லியா?"

"அவன கட்டடக் கணக்குல சேக்காத தாயி."

டிவிக்காரர்கள் சொன்ன நேரத்துக்கு வெகு முன்னாலேயே வந்துவிட்டார்கள். ஜெனோவாவை நாற்காலியில் வைத்துக் கீழே இறக்கி மரத்தடியில் உட்கார வைத்துவிடலாம், எதற்கும் பாதுகாப்பு என்று லூர்துசாமி சொல்லி வைத்திருந்தார், அதற்கு ஆள் தேடிக்கொண்டிருக்கும்போதே வேன் வந்து நின்றது. கவிப்பிரியா என்கிற அந்தச் செய்தியாளப் பெண் நல்ல பிள்ளைதான், இறங்கியதும் எல்லாருக்கும் வணக்கம் சொன்னாள், தங்கபுஷ்பத்தின் கையைப் பிடித்து, "பயப்படாதீங்கம்மா, மனசுல இருக்கிறதச் சொல்லுங்க போதும்" என்றாள்.

"மேடம், ஒண்ணு மட்டும் கேட்டுக்கிடுதேன். இடிஞ்சு விழும்னு சொல்லிராதீங்க. மேல என் பிள்ளை தையலோட கெடக்கா, பச்சப்பிள்ளை கூட இருக்கு. சொன்னா விழுந்துரும்."

"அதனாலதாம்மா நாங்க சொல்றோம். சொன்னாத்தான் அரசாங்கம் கவனிக்கும்."

"அரசாங்கம் கவனிக்கதுக்கு முன்ன அது கவனிச்சிரும் மேடம்" என்று தங்கபுஷ்பம் கட்டடத்தைக் காட்டினாள், அதற்குள் கேமராக்காரர் கையைக் காட்டிவிட்டார், கவிப்பிரியா கட்டடத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று, குரலை மாற்றிக்கொண்டு, நேயர்களே, எனக்குப் பின்னால் நீங்கள் பார்க்கும் இந்த நான்கு மாடிக் கட்டடம் எப்போது வேண்டுமானாலும் இடிந்து விழும் அபாயத்தில் உள்ளது என்று தொடங்கினாள்.

சி பிளாக் பெருமூச்சு விட்டது. தாழ்ந்த மணைப்பலகையிலிருந்து கனத்த ஆள் ஒருவர் எழுந்திருக்க முயல்வது மாதிரி ஒரு சத்தம் அடியிலிருந்து வந்தது, எல்லா மாடிகளிலிருந்தும் சுண்ணாம்பு உப்பு மாதிரி உதிர்ந்தது, கட்டடம் மெல்லக் கடல் பக்கம் சாயத் தொடங்கியது. ஆட்கள் வேகமாக இறங்கி வந்தார்கள், பழகியவர்கள் என்பதால் கத்தவில்லை, அடுப்பை அணைத்துவிட்டு, கிழவர்களைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு வந்தார்கள், அருளப்பனைப் பாயோடு சுருட்டித் தூக்கி வந்தார்கள். நான்காவது மாடிக் கைப்பிடிச் சுவரோரம் ஜெனோவா ஒரு கையால் வயிற்றையும் ஒரு கையால் பிள்ளையையும் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். படி இறங்க அவளால் முடியாது. பேச்சித்தாய் மட்டும் முட்டியைப் பிடித்துக்கொண்டு, எல்லாரும் இறங்குகிற படிக்கட்டில் மேலே ஏறிக்கொண்டிருந்தாள்.

கவிப்பிரியா இதையெல்லாம் பார்க்கவில்லை. மைக்கைத் தங்கபுஷ்பத்திடம் நீட்டினாள். "சொல்லுங்கம்மா, இந்த ஆபத்தான கட்டடத்துல எப்படி வாழுறீங்க?"

தங்கபுஷ்பத்துக்குச் சொல்லிக் கொடுத்ததில் ஒரு வார்த்தையும் நினைவில் இல்லை. கண் மகள் மேலேயே இருந்தது. வாரா வாரம் அக்கம்பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்கள் சேர்ந்து செபிக்கும் அன்பியக் கூட்டத்தில் ஒவ்வொருவராக எழுந்து செபம் சொல்லும்போது, தன் முறை வந்தால் எதுவும் தோன்றாமல் அவள் எப்போதும் எதைச் சொல்லித் தொடங்குவாளோ அதுதான் வாயில் வந்தது.

"நன்றி சொல்லுதேன்" என்றாள். "ஏறி எறங்குத படிக்கட்டுக்கு நன்றி சொல்லுதேன். எத்தன பேரு மிதிச்சும் தாங்கிக்கிட்டு இருக்கு, ஒரு நாளும் என்னைத் தள்ளிவிட்டதில்ல."

படிக்கட்டில் ஏறிக்கொண்டிருந்த பேச்சித்தாயின் காலடியில் ஆட்டம் நின்றது.

"அம்மா, உங்களுக்குப் பயமா இல்லையா?"

"பயந்தான் மேடம். நான் பயப்படாத நாளு கெடையாது. சொல்லிட்டு வாரேன், குறுக்க பேசாதீங்க. அடியில கெடக்க அஸ்திவாரத்துக்கு நன்றி. அதை நாங்க யாரும் பாத்ததில்ல, அது எங்களத் தாங்குது. நாலு பக்கத்துச் சுவருக்கு நன்றி. உப்புக்காத்தத் தின்னுட்டும் நிக்கி. என் வீட்டுக்காரர் படுத்திருக்க தரைக்கு நன்றி, குளுகுளுன்னு இருக்கப் போய் அவுகளுக்கு எரிச்சல் அடங்குது. கேக்காம வந்த நாலாவது மாடிக்கு நன்றி. அதுல இருக்க வீட்டுக்கு நன்றி, என் பிள்ளையக் கைப்பிடிச்சு நிக்க வச்சிருக்க சுவருக்கு நன்றி, என் பேரன் தொட்டில் தொங்குத கொக்கிக்கு நன்றி, நான் இன்னும் அவனத் தொட்டதில்ல, அதுதான் தூக்கி வச்சிக்கிட்டிருக்கு."

ஒவ்வொரு நன்றிக்கும் கட்டடம் கொஞ்சம் நிமிர்ந்தது. அவளைப் பார்த்துக்கொண்டிருந்த கவிப்பிரியாவின் கண் எதற்கோ கலங்கியது, ஆனால் காதில் மாட்டியிருந்த கருவியில் யாரோ அவசரப்படுத்தினார்கள், "இத்துடன் ஒரு சிறிய இடைவேளை" என்று முடித்துவிட்டாள். விளம்பரம் போய்விட்டது. தங்கபுஷ்பம் வாயைத் திறந்தபடியே நின்றாள். அவள் முடிக்கவில்லை.

டிவிக்காரர்கள் நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தார்கள். போகும்போது கவிப்பிரியா தங்கபுஷ்பத்தின் தோளைத் தொட்டு, "உங்க பேச்சு எனக்கு எங்க அம்மாவ ஞாபகப்படுத்திருச்சும்மா" என்றாள். ஆனால் பிளாக் பாதி நிமிர்ந்ததோடு நின்றுவிட்டது. அவள் நன்றி சொன்னதெல்லாம் புதிது மாதிரி உறுதியாகியிருந்தது, உடைந்திருந்த படிகூட ஒட்டிக்கொண்டிருந்தது, ஆனால் விட்டுப்போன கூரையும் தண்ணீர்த்தொட்டியும் ஜன்னல்களும் செய்தியில் சொன்னது சொன்னபடி, எப்போது வேண்டுமானாலும் விழத் தயாராக முனகிக்கொண்டிருந்தன. ஜெனோவாவும் பிள்ளையும் அந்தக் கூரைக்குக் கீழேதான் இருந்தார்கள், நாற்காலியோடு நாலு பேர் உள்ளே போனால் அந்த அதிர்வுக்கே கூரை விழுந்துவிடும் என்று லூர்துசாமி தடுத்துவிட்டார்.

"அழகாப் பேசின மைனி" என்றாள் பேச்சித்தாய், இறங்கி வந்து. "கூரைய மட்டும் மறந்துட்ட."

"அதான் சொன்னேன், என்னைப் பேச விடாதீங்கன்னு" என்று தங்கபுஷ்பம் தலையில் கையை வைத்து உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் சவரிராயனைப் பார்த்தாள். அவர் மொபெட்டைக் கிளப்பிக்கொண்டிருந்தார். "அண்ணாச்சி, உங்க பேப்பர்ல கண்ணீர் அஞ்சலிக்குப் பக்கத்துல நன்றி அறிவிப்பு போடுவாவல்லா. அது செய்தியா, விளம்பரமா?"

"அச்சுல வந்தா எல்லாம் ஒண்ணுதான். யாருக்கு? அந்தோணியாருக்கா, மாதாவுக்கா?"

"அவங்களுக்கு நான் தனியா சொல்லிக்கிடுதேன். இது சி பிளாக்குக்கு."

சவரிராயன் மொபெட்டை மறுபடி நிறுத்திவிட்டு, சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். தங்கபுஷ்பம் முன்னால் நடந்தாள், அவர் பின்னால் எழுதிக்கொண்டே வந்தார், ஒவ்வொரு வாசலிலும் நின்று அங்கே என்னவெல்லாம் இருக்கிறது என்று கேட்டுச் சொன்னாள். கூரைக்கு நன்றி, தொட்டிக்கு நன்றி, ஜன்னலுக்கு, ஜன்னல் கம்பிக்கு, மழைத்தண்ணீர் இறங்கும் குழாய்க்கு. செய்தி பரவியதும் ஆட்கள் தாங்களே கூப்பிட்டார்கள்.

"எங்க அடுப்பு மேடையச் சேத்துக்கோங்க, அக்கா."

"நடு வீட்டு விரிசலுக்கும் நன்றி போடவா?" என்று கேட்டாள் ஒருத்தி. தங்கபுஷ்பம் யோசித்தாள். அது பெரிதாகாமல் இருந்ததற்கு நன்றி என்று போடச் சொன்னாள்.

"இவ்வளவும் கொள்ளாது அக்கா, எடம் போதாது" என்றார் சவரிராயன்.

"எழுத்தப் பொடிசா போடுங்க. அது கண்ண இடுக்கிப் படிச்சிக்கிடும்."

கடைசியில் நான்காவது மாடிக்குப் போகும் படிக்கட்டு மடக்கில், அதற்கு மேலே அவள் கால் வைக்கக் கூடாத இடத்தில், நின்றாள். அங்கிருந்தே மகளிடம் கேட்டாள், என்னவெல்லாம் இருக்கிறது, ஒன்றையும் விட்டுவிடாதே என்று. ஜெனோவா பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே சுற்றிச் சுற்றி வந்து, கதவு, தாழ்ப்பாள், அடுப்படி, குழாய் என்று குரல் கொடுத்தாள். சவரிராயன் எழுதி முடித்து, முழுவதையும் வாசித்துக் காட்டினார். தங்கபுஷ்பம் விரலை மடக்கிக்கொண்டே கேட்டாள், எல்லாம் இருந்த மாதிரிதான் இருந்தது. ஆனால் எல்லாம் இருக்கிறது என்று அவள் தன் வாழ்நாளில் ஒருநாளும் நம்பியதில்லை. வீட்டைப் பூட்டிவிட்டுத் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிறவள் அவள். தான் எதையோ மறந்திருக்கிறோம், மறந்தது எதுவென்று தெரிந்தால் அது மறந்ததாகாது, தெரியாததைப் பேர் சொல்லிக் கூப்பிடவும் முடியாது, பேர் சொல்லாமல் விட்டால் அது மகள் தலையில் விழும் என்று மனம் கிடந்து அடித்துக்கொண்டது.

"முடிஞ்சுதா அக்கா? அச்சுக்குப் போகணும்."

"இன்னும் ஒரு வரி" என்றாள் தங்கபுஷ்பம்.

மறுநாள் காலையில் பேப்பர் வந்ததும் கட்டடம் நேராக நிமிர்ந்து நின்றது, மொட்டைமாடியில் நெத்திலியைக் காவல் காத்த காக்கை ஒருமுறை எழுந்து மறுபடி உட்கார்ந்தது. ஆனாலும் பேச்சித்தாய்க்கு நம்பிக்கை போதவில்லை. அவள் பேப்பரை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு மாடியிலும் நின்று, சுவரைப் பார்த்து உரக்க வாசித்தாள். தங்கபுஷ்பம் புருஷனுக்கு வேப்பிலை மாற்றிக்கொண்டே, தான் சொல்லிப் போடச் சொன்ன கடைசி வரி வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு இருந்தாள். கூரைக்கு மேலே நான்காவது மாடியில் நின்று பேச்சித்தாய் வாசித்தது அவளுக்குத் தெளிவாகக் கேட்டது.

"இதில் பேர் விட்டுப்போன எல்லாவற்றுக்கும் நன்றி."